உள்ளீட்டுத் தடை கணக்கோடு ஒத்துவரவில்லையா? பல டிரான்சிஸ்டர் அம்பிளிபயருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஒரே ஒரு டிரான்சிஸ்டர் உள்ள அம்பிளிபயரின் உள்ளீட்டுத் தடையைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. இரண்டாவது, மூன்றாவது டிரான்சிஸ்டர் சேர்ந்ததும்தான் தகராறு தொடங்குகிறது. தாளில் 600 கிலோ ஓம் வரும், மேசையில் அளந்தால் 46 கிலோ ஓம் நிற்கும். பெரும்பாலும் கணக்குப் போட்டவர் பெருக்கலில் பிழை விட்டிருக்க மாட்டார். உள்ளீட்டில் நின்று பார்த்தால் எதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்ற கேள்வியைத்தான் கேட்காமல் விட்டிருப்பார். அதனால் கீழே சூத்திரங்களை அடுக்காமல், அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகிறேன்.

முதலில் எல்லாவற்றுக்கும் பொதுவான மாதிரிச் சுற்று ஒன்று. 12 வோல்ட் மின்வழங்கல், பீசி 547 டிரான்சிஸ்டர். பேஸுக்கு மேலே 100 கிலோ ஓம், கீழே 22 கிலோ ஓம். கலெக்டரில் 4.7 கிலோ ஓம். எமிற்றரில் 1 கிலோ ஓம், அதற்குக் குறுக்கே, சிக்னலை நேரே தரைக்கு விடும் ஒரு பைபாஸ் கப்பாசிற்றர். இதே நிலையை இரண்டு தடவை கட்டி, நடுவில் ஒரு கப்ளிங் கப்பாசிற்றரால் இணைத்திருக்கிறோம்.

பீற்றாவை, அதாவது பேஸ் மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர் பெருக்கும் மடங்கை, 300 என்று எடுத்தால் எமிற்றரில் ஏறத்தாழ 1.4 மில்லிஅம்பியர் ஓடும். எமிற்றரின் உள்தடை என்பது 26 மில்லிவோல்ட்டை அந்த மின்னோட்டத்தால் வகுப்பது. 25 என்று பல புத்தகங்களில் இருக்கும். கொழும்பின் 30 பாகை வெப்பத்துக்கு 26 தான் பொருந்தும். விடை 18.6 ஓம். அதை 300 ஆல் பெருக்கினால் பேஸுக்குள் தெரியும் தடை 5.6 கிலோ ஓம். பேஸுக்கு மேலும் கீழும் உள்ள பயஸ் தடையிகள் இரண்டும் சமாந்தரமாக 18 கிலோ ஓம். எல்லாம் சேர்ந்து உள்ளீட்டுத் தடை 4.2 கிலோ ஓம் அளவில் வரும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரப்போகிறது.

அறிகுறி: மல்டிமீற்றரை ஓம் நிலையில் வைத்தால் எண் ஓடிக்கொண்டே போகிறது

உள்ளீட்டில் கப்பாசிற்றர் இருக்கிறது. மீற்றர் அதைத்தான் சார்ஜ் பண்ணுகிறது. கப்பாசிற்றரைத் தாண்டி நேரே பேஸில் வைத்தாலும் சரிவராது: மின்வழங்கல் இருந்தால் அங்கே இருக்கும் வோல்ட்டளவு மீற்றரைக் குழப்பும், இல்லாவிட்டால் டிரான்சிஸ்டரே வேலை செய்யாது. உள்ளீட்டுத் தடை என்பது சிறிய மாறல் சிக்னலுக்குத் தெரிகிற தடை. சிக்னல் கொடுத்துத்தான் அளக்க வேண்டும்.

சரியான முறை இது. ஜெனரேற்றரிலிருந்து 1 கிலோ ஹேர்ட்ஸ் எடுங்கள். அதை 10 கிலோ ஓம், 10 ஓம் கொண்டு ஆயிரத்தில் ஒன்றாகக் குறையுங்கள். 10 ஓம் தடையியின் மேலிருந்து அம்பிளிபயருக்குக் கொடுங்கள். கடைசி வெளியீட்டை ஸ்கோப்பில் பாருங்கள், 1.50 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது உள்ளீட்டோடு தொடராக 4.7 கிலோ ஓம் ஒன்றைச் சேருங்கள். வெளியீடு 0.71 ஆக இறங்கினால், 4.7 × 0.71 ÷ (1.50 − 0.71) = 4.2 கிலோ ஓம். கணக்கோடு பொருந்துகிறது.

அந்த 10 ஓம் ஏன்? மேலே உள்ள கணக்கில் வருகிற விடைக்குள் சிக்னல் மூலத்தின் சொந்தத் தடையும் சேர்ந்தே இருக்கும். 600 ஓம் ஜெனரேற்றரை நேரே இணைத்து, 800 ஓம் உள்ளீட்டை அளந்தால் 1,400 என்று காட்டும். 10 ஓமிலிருந்து எடுத்தால் அந்தக் கவலை இல்லை.

அறிகுறி: தொடராகத் தடையி சேர்த்தும் வெளியீடு அசையவே இல்லை

விடை மெகா ஓம் கணக்கில் வந்து, அருமையான அம்பிளிபயர் கட்டிவிட்டோம் என்று சந்தோஷப்படுவதற்கு முன் ஸ்கோப்பில் அலையின் உருவத்தைப் பாருங்கள். மேலும் கீழும் வெட்டுப்பட்டிருக்கிறதா?

மாதிரிச் சுற்றில் முதல் நிலையின் நயம் (சிக்னலைப் பெருக்கும் மடங்கு) 120 அளவு, இரண்டாவது 250 அளவு. மொத்தம் 30,000. உள்ளீட்டில் 10 மில்லிவோல்ட் கொடுத்தால் 300 வோல்ட் வரவேண்டும். இருப்பதோ 12 வோல்ட் மின்வழங்கல். சிக்னலைப் பாதியாகக் குறைத்தாலும் வெளியீடு அதே சதுர அலைதான். ஸ்கோப் இல்லாமல் மீற்றரை மட்டும் வைத்து அளப்பவர்கள் இதில்தான் மாட்டுப்படுகிறார்கள். 50 மைக்ரோவோல்ட் போதும். ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தொடர் தடையி பெரிதாக இருக்கும்போது, உள்ளீட்டு வயர் வீட்டு மின்னோட்டத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை உறிஞ்சும். மீற்றர் அதையும் சேர்த்துக் கூட்டிக் காட்டும், வெளியீடு குறையாதது போலத் தெரியும். வயரைக் குட்டையாக்குங்கள், அலையைக் கண்ணால் பார்த்தே எண்ணை எழுதுங்கள்.

அறிகுறி: கணக்கில் பல நூறு கிலோ ஓம், அளவில் சில பத்துகள்

இதுதான் அதிகம் வருவது. பெரும்பாலும் முதல் டிரான்சிஸ்டர் எமிற்றர் பின்பற்றியாக, அதாவது வெளியீட்டை எமிற்றரிலிருந்து எடுப்பதாக, இருக்கும் இடத்தில் வரும்.

மாதிரிச் சுற்றின் முன்னால் ஒரு எமிற்றர் பின்பற்றியைச் சேர்ப்போம். பேஸ் பயஸ் 100 கிலோ ஓம் இரண்டு, எமிற்றரில் 4.7 கிலோ ஓம். பலர் போடும் கணக்கு: 300 × 4.7 கிலோ ஓம், ஆக 1.4 மெகா ஓம். இதில் இரண்டு விடயங்கள் விடுபட்டுப் போயின.

முதலாவது, அந்த எமிற்றரில் தொங்குவது 4.7 கிலோ ஓம் மட்டுமில்லை. அடுத்த நிலையின் 4.2 கிலோ ஓமும் அங்கேதான் தொங்குகிறது. இரண்டும் சமாந்தரமாக 2.2 கிலோ ஓம் அளவு. 300 ஆல் பெருக்கினால் 670 கிலோ ஓம். விடை பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

இரண்டாவது, பயஸ் தடையிகள். 100, 100 சமாந்தரமாக 50 கிலோ ஓம். அதோடு 670 ஐச் சமாந்தரமாகச் சேர்த்தால் 46 கிலோ ஓம். டிரான்சிஸ்டரை எவ்வளவு நல்லதாகப் போட்டாலும் 50 ஐத் தாண்ட முடியாது.

பல டிரான்சிஸ்டர் கணக்கை எப்போதும் பின்னாலிருந்து முன்னால் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். கடைசி நிலையின் உள்ளீட்டுத் தடையைக் கண்டுபிடியுங்கள். அது அதற்கு முந்தைய நிலையின் சுமை. அப்புறம் ஒவ்வொரு டிரான்சிஸ்டரிடமும் ஒரு கேள்வி: பின்னால் இருப்பதை இது முன்னால் காட்டுமா? பொது எமிற்றர் நிலை, அதாவது நம் மாதிரிச் சுற்றைப் போலக் கலெக்டரிலிருந்து வெளியீட்டை எடுப்பது, ஒரு சுவர் மாதிரி. கலெக்டரில் எதைத் தொங்கவிட்டாலும் பேஸில் நின்று பார்ப்பவருக்கு அநேகமாகத் தெரியாது. எமிற்றர் பின்பற்றி பின்னால் இருப்பதைப் பீற்றா மடங்கு பெரிதாக்கி அப்படியே காட்டும். பின்னூட்டல் தடையி, அதாவது வெளியீட்டுப் பக்கத்திலிருந்து முன்னால் திரும்பி வரும் தடையி, இருந்தால் அது சுவரைச் சுற்றிக்கொண்டு வரும். அதற்குத் தனிக் கணக்கு.

46 கிலோ ஓம் போதாதென்றால் பூட்ஸ்ட்ராப் பண்ணலாம். பயஸ் தடையிகள் இரண்டும் சேரும் புள்ளியிலிருந்து 47 கிலோ ஓம் ஒன்றின் வழியாகப் பேஸுக்குப் போங்கள். அந்தப் புள்ளியை எமிற்றரோடு 10 மைக்ரோஃபரட்டால் இணையுங்கள். எமிற்றரின் சிக்னல் பேஸின் சிக்னலில் 0.99 மடங்கு இருப்பதால், 47 கிலோ ஓமின் இரு முனையிலும் கிட்டத்தட்ட ஒரே சிக்னல். அதில் ஓடும் மின்னோட்டம் நூறில் ஒன்றாகிவிடும், தடை 4 மெகா ஓமுக்கு மேல் போல நடந்துகொள்ளும். மொத்த உள்ளீட்டுத் தடை 500 கிலோ ஓமைத் தாண்டும். வீணைக்கோ வயலினுக்கோ பீசோ பிக்கப் ஒட்டி அதன் சத்தத்தை எடுப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் காதிலேயே கேட்கும்: தடை குறைந்தால் கீழ்ச் சுருதிகள் மெலிந்துபோகும்.

இந்த நிலைக்கு வந்தபின் பேஸில் ஸ்கோப் புறோப்பை வைக்காதீர்கள். ஒன்றுக்கு ஒன்று நிலையில் புறோப்பின் தடை 1 மெகா ஓம். 560 இருந்த இடம் 360 ஆகிவிடும். வெளியீட்டில் மட்டும் அளவெடுங்கள்.

அறிகுறி: ஒரே சுற்று, டிரான்சிஸ்டரை மாற்றினால் வேறு எண்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பீசி 547 பி கேட்டால், "தம்பி, பி இல்ல, சி தான் இருக்கு, ரெண்டும் ஒரே சாமான்தான்" என்று பதில் வரும். சுவிட்ச் வேலைக்கு ஒரே சாமான்தான். உள்ளீட்டுத் தடைக்கு அப்படியில்லை. ஏ என்றால் பீற்றா 110 முதல் 220 வரை, பி என்றால் 200 முதல் 450, சி என்றால் 420 முதல் 800. சீ 1815 டிரான்சிஸ்டருக்கும் இதே கதைதான்: ஓ 70 முதல் 140, வை 120 முதல் 240, ஜீஆர் 200 முதல் 400, பீஎல் 350 முதல் 700.

மாதிரிச் சுற்றில் பீற்றா 110 ஆனால் உள்ளீட்டுத் தடை 2 கிலோ ஓம். 800 ஆனால் 8 கிலோ ஓம். நான்கு மடங்கு வித்தியாசம், சுற்றில் ஒரு பிழையும் இல்லை.

இதற்கு மருந்து டிரான்சிஸ்டரைப் பொறுக்கி எடுப்பதில்லை. எமிற்றரில் பைபாஸ் செய்யாத 100 ஓம் ஒன்றை விடுங்கள். இப்போது பீற்றா 110 க்கு 7.6 கிலோ ஓம், 300 க்கு 12, 800 க்கு 15. நயம் குறையும், அதை அடுத்த நிலையில் எடுத்துக்கொள்ளலாம். நான் எதைக் கட்டினாலும் முதல் நிலையில் இந்த 100 ஓமைப் போட்டுவிடுவேன்.

அறிகுறி: கணக்கில் வந்ததைவிட மிகக் குறைவு, நூறுகளில் நிற்கிறது

முதலில் கால்களைப் பாருங்கள். பீசி 547 இன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிற்றர். 2என் 3904 டிரான்சிஸ்டருக்கு எமிற்றர், பேஸ், கலெக்டர். ஒன்றை எடுத்த இடத்தில் மற்றதை அப்படியே செருகினால் எமிற்றரும் கலெக்டரும் இடம் மாறிவிடும். டிரான்சிஸ்டர் செத்தும் போகாது. தலைகீழாக, மிகச் சிறிய பீற்றாவோடு வேலை செய்யும். உள்ளீட்டுத் தடை பாதாளத்துக்குப் போகும். சீ 1815 இல் வரிசை எமிற்றர், கலெக்டர், பேஸ். அதைச் செருகினால் பேஸ் இருக்கவேண்டிய இடத்தில் கலெக்டரே வந்துவிடும்.

கால்கள் சரியென்றால், முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு வேறு எங்கிருந்தாவது ஒரு தடையி வருகிறதா என்று தேடுங்கள். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய சுற்று ஒன்று இருக்கிறது, பழைய மைக் அம்பிளிபயர்களில் அடிக்கடி காண்பது. முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டர் நேரே இரண்டாவதின் பேஸுக்குப் போகும். இரண்டாவதின் எமிற்றரிலிருந்து 150 கிலோ ஓம் ஒன்று திரும்பி முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு வரும். முதல் டிரான்சிஸ்டருக்குப் பயஸ் கொடுப்பதே அந்தத் தடையிதான். இரண்டாவதின் எமிற்றரில் ஒரு பைபாஸ் கப்பாசிற்றர் இருக்கும்.

கப்பாசிற்றர் நலமாக இருக்கும்வரை அந்த எமிற்றரில் சிக்னல் இல்லை. 150 கிலோ ஓமின் மறுமுனை சிக்னலுக்குத் தரை. பேஸுக்குள் 5.6 கிலோ ஓம் என்றால், 150 ஐச் சமாந்தரமாகச் சேர்த்து 5.4 கிலோ ஓம். தொந்தரவே இல்லை.

அந்தக் கப்பாசிற்றர் காய்ந்துபோனால், இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிற்றரில் முதல் நிலையின் வெளியீடு முழுசாகத் தெரியும், அதுவும் தலைகீழாக. முதல் நிலையின் நயம் 150 என்று வையுங்கள். 150 கிலோ ஓமின் ஒரு முனை 1 மில்லிவோல்ட் ஏறும்போது மறுமுனை 150 மில்லிவோல்ட் இறங்குகிறது. அதில் ஓடும் மின்னோட்டம் 151 மடங்கு. ஆக அந்தத் தடையி 1 கிலோ ஓமைப் போல நடந்துகொள்ளும், மொத்த உள்ளீட்டுத் தடை 840 ஓம் அளவுக்கு விழும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். முதல் நிலையின் பைபாஸ் கப்பாசிற்றர் காய்ந்தால் உள்ளீட்டுத் தடை கூடும். இந்தச் சுற்றில் இரண்டாவது நிலையின் பைபாஸ் காய்ந்தால் குறையும். இரண்டிலும் நயம் விழும், காதுக்கு இரண்டும் ஒரே மாதிரி மெலிந்த சத்தம். உள்ளீட்டுத் தடையை அளந்து பார்த்தால் எந்தக் கப்பாசிற்றர் என்று ஒன்றையும் கழற்றாமலே சொல்லிவிடலாம். நல்ல கப்பாசிற்றர் ஒன்றைச் சந்தேகமானதன் குறுக்கே, முனைகள் மாறாமல் பிடித்து உறுதிப்படுத்தலாம்.

அறிகுறி: கணக்கில் வந்ததைவிடக் கூட

மாதிரிச் சுற்றில் 4.2 க்குப் பதில் 17 கிலோ ஓம் வந்தால் யோசிக்கவே தேவையில்லை, முதல் நிலையின் பைபாஸ் திறந்துகிடக்கிறது. 300 × 1,018 ஓம் என்பது 305 கிலோ ஓம். அதோடு பயஸின் 18 சமாந்தரமாக 17.

எல்லாம் நலமாக இருந்தும் கூடுகிறதென்றால் தொடர் பின்னூட்டல் இருக்கும். இரண்டாவது கலெக்டரிலிருந்து 10 கிலோ ஓம் ஒன்று முதல் எமிற்றரின் 100 ஓமுக்கு வருகிறது என்று வையுங்கள். பின்னூட்டல் இல்லாத நயம் 2,000, பின்னூட்டலோடு 100 அளவு. பேஸுக்குள் தெரியும் தடை ஏறக்குறைய 20 மடங்காகும். ஆனால் கவனம்: 20 ஆல் பெருக்க வேண்டியது பேஸுக்குள் தெரிவதை மட்டும். பயஸ் தடையிகள் பின்னூட்டல் வளையத்துக்கு வெளியே நிற்கின்றன, அவற்றைப் பெருக்கக்கூடாது.

டார்லிங்டன் சோடியில் (முதல் டிரான்சிஸ்டரின் எமிற்றர் நேரே இரண்டாவதின் பேஸுக்குப் போவது) விடுபடுவது வேறு. எமிற்றர் நேரே தரைக்குப் போகும் சோடியில் இரண்டாவது டிரான்சிஸ்டருக்கு 1 மில்லிஅம்பியர், பீற்றா 200 என்றால், முதலாவதில் ஓடுவது 5 மைக்ரோஅம்பியர்தான். அதன் உள்தடை 26 ஓமில்லை, 5.2 கிலோ ஓம். இரண்டாவதின் பேஸுக்குள் தெரிவதும் 200 × 26, அதே 5.2 கிலோ ஓம். மொத்தத் தடையில் சரிபாதி முதல் டிரான்சிஸ்டருடையது. அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் அளவு இரு மடங்காகத் தெரியும்.

அறிகுறி: உள்ளீட்டுத் தடை சரி, மொத்த நயம் பாதிதான்

முதல் நிலையின் நயத்தை 4.7 கிலோ ஓமை வைத்து 250 என்று எடுத்திருப்பீர்கள். அடுத்த நிலையின் 4.2 கிலோ ஓம் அதற்குச் சமாந்தரம். சுமை 2.2, நயம் 120.

அறிகுறி: மீடிறனை மாற்றினால் எண் மாறுகிறது

கீழ்ப்பக்கம் மாறினால் கப்ளிங் கப்பாசிற்றர். 4.2 கிலோ ஓமுக்கு 0.1 மைக்ரோஃபரட் போட்டால் 380 ஹேர்ட்ஸிலேயே சிக்னல் விழத் தொடங்கும். 1 மைக்ரோஃபரட் என்றால் 38 ஹேர்ட்ஸ். மேல்பக்கம் மாறினால் மில்லர் விளைவு: கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே உள்ள 3 பிகோஃபரட், நயம் 120 இருக்கும்போது 360 பிகோஃபரட் ஆகிறது. 20 கிலோ ஹேர்ட்ஸில் அது 22 கிலோ ஓம், 100 கிலோ ஹேர்ட்ஸில் 4.4. அங்கே உள்ளீட்டுத் தடை என்று ஒற்றை எண்ணைப் பேசுவதில் அர்த்தமில்லை.

அறிகுறி: தொடர் தடையி சேர்த்தால் வெளியீடு கூடுகிறது

விடை எதிர்க்குறியில் வரும். எமிற்றர் பின்பற்றியின் வெளியீட்டில் நீளமான கேபிள் இருந்தால், உயர் மீடிறனில் அதன் உள்ளீடு உண்மையாகவே எதிர்த்தடையைக் காட்டக்கூடும். சுற்று தானாக அலைவுறத் தொடங்கியிருக்கலாம். ஸ்கோப்பின் நேர அளவை வேகமாக்கிப் பாருங்கள். பேஸுக்கு ஒட்டினாற்போல 100 ஓம் ஒன்றும், வெளியீட்டில் கேபிளுக்கு முன் 100 ஓம் ஒன்றும் போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

அறிகுறி: கணினிச் சிமுலேற்றர் நம்பமுடியாத பெரிய எண்ணைக் கொடுக்கிறது

ஸ்பைஸ் வகை மென்பொருளில் நேரோட்டப் பரிமாற்றச் சார்புக் கட்டளையைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அது எல்லாக் கப்பாசிற்றரையும் திறந்ததாக எடுக்கும், உள்ளீட்டில் இருப்பதையும் சேர்த்து. மாறல் பகுப்பாய்வை ஓட்டி, 1 கிலோ ஹேர்ட்ஸில் உள்ளீட்டு வோல்ட்டளவை உள்ளீட்டு மின்னோட்டத்தால் வகுத்துப் பாருங்கள்.

அறிகுறி: பகலில் ஒன்று, மழை நாளில் ஒன்று

மெகா ஓம் கணக்கில் உள்ள உள்ளீடுகளுக்கு மட்டும் வருவது. வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இருக்கும் வீடுகளில் உப்பு ஈரம் எல்லாவற்றிலும் படியும். போர்டில் ஈயம் பிடித்தபோது மிஞ்சிய ஃபிளக்ஸோடு அது சேர்ந்தால், பேஸுக்கும் பக்கத்துத் தடத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு தடையி உருவாகிவிடும். ஐசோபுரோபைல் அல்ககோலும் பழைய பல் தூரிகையும் கொண்டு பேஸைச் சுற்றித் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி அளந்துபாருங்கள். எண் ஏறினால் போர்ட் முழுவதையும் கழுவி, காய்ந்ததும் மேலே வார்னிஷ் பூசிவிடுங்கள்.